பழைய ஷெவர்லே பிக்கப்புக்கு நீட்டித்த கேபின்: இரண்டு கேபினை ஒட்டுவதா, புது மாடலின் பின்பாதியை வைப்பதா?

சீட்டுக்குப் பின்னால் கூடுதல் இடம் உள்ள நீட்டித்த கேபினை டாட்ஜ் 1973-லேயே ‘கிளப் கேப்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ஃபோர்டின் நீட்டித்த கேபினான ‘சூப்பர் கேப்’ வந்தது. ஷெவர்லே பெரிய பிக்கப்பில் 1988 மாடலில்தான் அந்தப் பக்கம் வந்தது. ஆகவே ‘ஸ்கொயர் பாடி’ என்று அழைக்கப்படும் 1973–87 ஷெவர்லே பிக்கப் வைத்திருப்பவருக்கு சீட்டுக்குப் பின்னால் இடம் வேண்டுமென்றால் தகட்டை வெட்டித்தான் தீர வேண்டும். இடம் மட்டும் போதும் என்பவர் பழைய சூப்பர் கேப் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். நான்கு கதவு கேபினைக் குறுக்குவதும் ஒரு வழிதான், ஆனால் வெட்டாமல் விட்டால் நல்ல விலை போகும் பொருள் அது. மிச்சம் இரண்டு வழிகள்.

முதல் வழி, 1988–98 ஷெவர்லேயின் நீட்டித்த கேபினிலிருந்து பின்பாதியை வெட்டி ஒட்டுவது. பக்கக் கண்ணாடியும் கூரையும் தயாராக வரும் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் பெரும்பாலான ஸ்கொயர் பாடி வண்டிகளில் கதவுக்கு மேலே மழைநீர் வாய்க்கால் வெளியே தெரியும். 88 மாடலில் கதவே கூரைக்குள் ஏறி மடிகிறது. தண்ணீர் அதிகம் ஓடும் அந்த இடத்தில்தான் ஒட்டு விழும். பக்கவாட்டுச் சரிவு, பக்கத் தகட்டில் நீளவாக்கில் ஓடும் உடல் கோடு, தரை எதுவும் பொருந்தாது. வித்தியாசத்தைப் பட்டி போட்டு மறைத்தால், கனமாகப் போன இடமெல்லாம் சேசிஸ் முறுக்கத்தில் வெடிக்கும்.

என் ஓட்டு இரண்டாம் வழிக்கு: ஒரே மாடலின் இரண்டு கேபினை எடுத்து, ஒன்றின் முன்பகுதியையும் மற்றதன் பின்பகுதியையும் சேர்த்து ஒட்டுவது. நீட்டும் அளவை 14 அங்குலமாக வையுங்கள். ஸ்கொயர் பாடி வரிசையின் சி-10 மாடலில், பின்னால் சரக்கு ஏற்றும் பெட்டி குட்டையாக உள்ள வண்டியின் முன்-பின் சக்கர இடைவெளி 117.5 அங்குலம், நீளப் பெட்டி வண்டிக்கு 131.5. நீளச் சேசிஸில் குட்டைப் பெட்டியை ஏற்றினால் அந்த 14 அங்குலம் கேபினுக்குக் கிடைத்துவிடும்; புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் லைன், பார்க்கிங் பிரேக் கேபிள் எல்லாம் கம்பெனி அளவிலேயே நிற்கும். பின்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சேசிஸை மட்டும் அறுக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் சேசிஸின் பக்கவாட்டில் தொங்குவதால், கேபினைச் சேசிஸில் தாங்கும் புதிய பின் மவுண்ட்டோடு இடிக்கும். குட்டைப் பெட்டி வண்டியின் டேங்க்கைப் பெட்டியோடு சேர்த்துப் பின்னால் தள்ளினால் பெட்ரோல் வாயும் நேராக அமையும். பழைய மவுண்ட்டைக் கழற்றாமல் நடுத் தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள், ரப்பர் புஷ்ஷோடுதான்.

கூரையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முன் கேபின் கூரையை அதன் உச்சி மேட்டுக்குப் பின்னாலும், பின் கேபின் கூரையை மேட்டுக்கு முன்னாலும் வெட்டி நேரடியாக ஒட்டினால் உயரம் ஒத்துவரும், சரிவு ஒத்துவராது. முன்பக்கத் தகடு இறங்கி வரும், பின்பக்கத் தகடு ஏறிப் போகும். நடுவில் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கும். இரண்டையும் உச்சி மேட்டிலேயே வெட்டி, நடுவில் குறுக்கே மட்டும் வளைத்த 14 அங்குலத் தகட்டை வையுங்கள். பக்கவாட்டை நிரப்ப இரண்டாம் வண்டிக் கதவின் பின்பகுதியையே வெட்டி வைத்தால் உடல் கோடு தானாகத் தொடரும்.

முடிவைத் தீர்மானிப்பது பின்னாளைய பராமரிப்பு. இரண்டு கேபின் முறையில் முன் கண்ணாடி, பின் கண்ணாடி, கதவு பீடிங் எல்லாம் அதே மாடலுக்கு விற்கும் பொருள்தான். கல் பட்டுக் கண்ணாடி உடைந்தால் வாங்கி மாட்டிவிடலாம். 88 மாடலின் பின்பாதியை ஒட்டிய வண்டியில் எந்த மாடலின் ரப்பரும் சரியாகப் பொருந்தாது, தண்ணீர் உள்ளே வரும், தரை அடியிலிருந்து துரு ஏறும். இரண்டு முறைக்கும் பொது எச்சரிக்கை: வெளித் தகட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டாதீர்கள், இடுக்கில் ஈரம் தங்கும். முனைக்கு முனை சேர்த்து, 0.6 மி.மீ. வெல்டிங் வயரில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வையுங்கள். கை வைக்கும் அளவுக்குத் தகடு ஆறாமல் பக்கத்துப் புள்ளிக்குப் போகக் கூடாது. தொடர்ந்து இழுத்தால் கூரை அலை அலையாகிவிடும். முடித்ததும் உள்பக்கம் துருத்தடுப்பு மெழுகு அடியுங்கள். உள் கூரைத் தகட்டை மூடிவிட்டால் அங்கே கை போகாது, ஆகவே மூடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது அவசியம்.

என் தேர்வின் குறை, நீட்டிய பகுதியின் பக்க ஜன்னலுக்குக் கண்ணாடி கிடைக்காதது. கதவுக் கண்ணாடி டெம்பர்ட், அதாவது சூடாக்கிக் கடினமாக்கியது; அறுத்தால் சிதறும். வளைவும் இருப்பதால் சாதாரணக் கண்ணாடி பொருந்தாது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வளையும், ஆனால் கீறல் விழும். அந்த ஜன்னலைத் தகட்டால் மூடி, பின்னால் பார்க்க வெளியே பெரிய ரியர்வியூ கண்ணாடிகள் மாட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது, பின்பக்கப் பார்வை கொஞ்சம் குறைந்தாலும்.

14 அங்குலத்தில் ஆள் உட்காரும் சீட் போடாதீர்கள். பெல்ட் பிடிமானத்துக்கு ஏற்ற தரை அது இல்லை, கால் வைக்கவும் இடம் கிடையாது. கருவிப் பெட்டியும் ஸ்பீக்கரும் தாராளமாக அடங்கும்.