அத்தை வீட்டுக் குழாயும் என் தலைப் பிசுக்கும்

காலையில் தலைக்குக் குளித்தால் மாலை நாலு மணிக்கெல்லாம் நெற்றியோர முடி நனைந்ததுபோல ஒட்டிக்கொள்ளும். கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு இதுதான் கதை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பதினோரு வருஷமாகத் தினமும் ஷாம்பு போட்டே ஒப்பேற்றி வருகிறேன். இந்த முறை பெங்களூரில் ஐந்து வாரம் இருக்கப் போகிறோம், இதற்கு ஒரு வழி பார்த்துவிடலாம் என்று விமானம் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். கிளாஸ்கோவில் தோல் டாக்டரைப் பார்க்க முதலில் குடும்ப டாக்டரிடம் போய், அவர் கடிதம் எழுதி, அப்புறம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெறும் பிசுக்குத் தலைக்காக அந்த வரிசையில் நிற்க எனக்கே கூச்சம்.

வந்த நாலாம் நாளே நிலைமை மோசமானது. அம்மா இருப்பது ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்குமாடி. போர் தண்ணீர், கோடையில் டேங்கர். குளித்துவிட்டு வந்தால் முடி மெழுகு தடவியது மாதிரி இருக்கும். சீப்பின் பற்களுக்கிடையில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை வேறு. "வெளிநாட்டு ஷாம்பு போட்டுப் போட்டு முடியே கெட்டுப்போச்சு" என்று சொல்லி அம்மா ஒரு சீயக்காய் சோப்புக் கட்டியை எடுத்துக் கொடுத்தாள். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் போனது பார்லர். 'ஆயில் கன்ட்ரோல் ஹேர் ஸ்பா', 1,900 ரூபாய். அந்தப் பெண்ணின் விரல்களைக் குறை சொல்லவே முடியாது. கழுத்தும் நெற்றிப்பொட்டும் பிடித்துவிட்ட அந்தக் கால் மணி நேரத்துக்காகவே திரும்பப் போகலாம். ஆனால் எண்ணெயைக் கட்டுப்படுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு, கெட்டியான க்ரீமை உச்சந்தலையிலிருந்தே அப்பி, ஆவி பிடித்து, அரைகுறையாக அலசி அனுப்பினார்கள். மறுநாள் காலை தலை எண்ணெய்ச் சட்டி. அந்த மாதிரி க்ரீமும் கண்டிஷனரும் காதுக்குக் கீழே, முடியின் நுனிப் பக்கம் மட்டும்தான் படவேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்தது பெரிய கண்ணாடிக் கதவு போட்ட ஒரு முடி கிளினிக். ஆலோசனை இலவசம் என்று போட்டிருந்தார்கள். இலவசம் என்றதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பேனா மாதிரி ஒரு கேமராவைத் தலையில் வைத்து, டிவியில் என் மண்டையைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டினார்கள். சதுப்பு நிலத்தில் நாணல் முளைத்திருப்பதுபோல இருந்தது. அத்தனை பெரிதாக்கினால் யார் தலையும் அப்படித்தான் தெரியும். "வேர்க்கால் எல்லாம் அடைச்சிருக்கு மேடம், இப்படியே விட்டா ஆறு மாசத்துல முன்பக்கம் காலி." அடுத்த வாக்கியத்திலேயே பேக்கேஜ் வந்துவிட்டது: 48,000 ரூபாய், இன்றைக்கே கட்டினால் 32,000, மாதத் தவணையும் உண்டு. அதில் ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, தலையில் ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. ஆறு முறை. முடி கொட்டுகிறவர்களுக்குச் செய்வதாயிற்றே, எண்ணெய்ப் பிசுக்குக்கு அது என்ன செய்யும் என்று கேட்டேன். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே காபி வேண்டுமா என்றான். அவன் சட்டையில் 'டிரைகாலஜிஸ்ட்' என்று அட்டை. அது மருத்துவப் பட்டம் இல்லை. தோல் டாக்டர் என்றால் பெயருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல். அல்லது அதற்கு ஈடான ஒரு படிப்பு இருக்க வேண்டும். ஊருக்கு வந்து அவசரத்தில் கிளினிக் தேடுகிறவர்கள் பலகையில் இதை முதலில் பாருங்கள், கதவின் பளபளப்பை அப்புறம் பார்க்கலாம்.

முடிச்சு அவிழ ஆரம்பித்தது அத்தை வீட்டில். அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் பழைய வீடு. இப்போது ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் அல்சூரில் இறங்கிவிடலாம். இரண்டு நாள் தங்கினேன். அதே ஷாம்பு, அதே தலை. ஆனால் அங்கே முதல் குவளையிலேயே நுரை பொங்கியது, இரண்டு முறை அலசியதும் முடி விரலுக்கிடையில் கீச்சென்றது. "எங்க வீட்டுல காவேரி வருது, உங்கம்மா வீட்டுல உப்புத் தண்ணி. அதுல பருப்பே வேகாது, உன் முடி எங்க வேகும்!" என்றாள் அத்தை. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் ஆற்றுத் தண்ணீர் அது. கிளாஸ்கோவுக்கும் 1859-லிருந்து கேட்ரின் ஏரித் தண்ணீர்தான், உப்பு மிகக் குறைவான மென்மை. பதினோரு வருஷமாக என் தலையைக் காப்பாற்றியது ஷாம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதிப் புண்ணியம் அந்த ஏரிக்குப் போக வேண்டும்.

உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத ஒரு படிவாகிவிடும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் முடியிலும் ஏறுகிறது. சீயக்காய்த் தூளில் இந்தத் தொல்லை இல்லை. பெயரில் சீயக்காய் இருந்தாலும் அம்மா கொடுத்தது சோப்புக் கட்டி, அதனால்தான் அந்த மெழுகு.

ஆனால் அத்தை வீட்டிலும் அரிப்பு நிற்கவில்லை, மாலையில் எண்ணெய் வருவதும் நிற்கவில்லை. அவளே பக்கத்துத் தெருவில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். 800 ரூபாய், சாயந்திரம் ஆறு மணிக்கு டோக்கன், ஏழேகாலுக்கு உள்ளே. கேமரா, டிவி எதுவும் கிடையாது. காதுக்குப் பின்னால், மூக்கோரம், புருவம் மூன்றையும் பார்த்தார், கொஞ்சம் செதிலைச் சுரண்டிப் பார்த்தார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, முகப்பரு, தாடையில் முடி உண்டா என்று கேட்டார். ஹார்மோன் கோளாறு இருந்தாலும் எண்ணெய் அதிகமாகச் சுரக்குமாம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லாததால் ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை. செபோரிக் டெர்மடைடிஸ் என்றார். மலசீசியா என்று ஒரு பூஞ்சை, எல்லார் தலையிலும் குடியிருப்பது. தோல் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. எண்ணெய் அதிகமுள்ள தலையில் அதற்கு விருந்து, அது விட்டுப்போகும் மிச்சம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் மஞ்சள் செதிலும் வருகிறது.

தினமும் கழுவினால் தலை இன்னும் அதிகமாக எண்ணெய் விடுமாமே என்று கேட்டேன், இதை எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. "சுரப்பி தோலுக்குள்ள இருக்கும்மா. வெளியில நீங்க எத்தனை தடவை கழுவுறீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். தினமும் தலைக்குக் குளிக்கலாம். பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வாரம் இரண்டு முறை, நாலு வாரம். போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும், போட்டவுடன் கழுவினால் பிரயோஜனமில்லை. அப்புறம் வாரம் ஒன்று போதும். மற்ற நாளில் சாதாரண ஷாம்பு. உச்சந்தலையில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் இப்போதைக்குக் கூடாது. மருந்துக் கடையில் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. சாதாரண ஷாம்புவுக்குக் கடையில் தொங்கும் இரண்டு ரூபாய் பாக்கெட்டாக நாலைந்து வகை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பாட்டிலுக்குப் பணம் கொட்டாமல் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. பாக்கெட்டில் ஷாம்பு விற்கலாம் என்று காட்டிய கடலூர் சின்னி கிருஷ்ணனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு.

அம்மா வீட்டுத் தண்ணீர் விஷயம் பாக்கி. 1,600 ரூபாய்க்கு ஒரு ஷவர் ஃபில்டர் வாங்கி மாட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை. குளோரின் வாடையை எடுக்குமே தவிர உப்பை எடுக்காது. கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. மெஷின் வடிகட்டிய குடிதண்ணீர் ஒரு சொம்பு ஊற்றலாம் என்று பார்த்தால், சிக்கனக்கார அம்மா குளியலறையில் ஒரு பக்கெட் நிறைய வைத்திருந்தாள். மூன்று நாள் அதில் அலசினேன், முடி தேங்காய் நார் ஆயிற்று. விசாரித்தால் அது மெஷின் கழித்துவிடும் தண்ணீர்! வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருக்கும் பக்கம். வீணாக்கக் கூடாதென்று பிடித்து வைத்திருக்கிறாள், அது தரை துடைக்கத்தான் ஆகும்.

கடைசியில் கட்டடத்தின் பிளம்பரைப் பிடித்தேன், கிருஷ்ணகிரிக்காரர். கீழே தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் டேங்க் இருக்கிறது, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைக்கும் அதன் ரெசினைப் புதுப்பிக்க அடிக்கடி சாதா உப்பு மூட்டை போட வேண்டும், குடியிருப்போர் சங்கத்தில் பணம் இல்லையென்று இரண்டு மாதமாகப் போடவில்லை என்றார். சொட்டு மருந்து போலிருந்த ஒரு கிட்டில் பார்த்தோம்: லிட்டருக்கு 480 மில்லிகிராம் கடினத்தன்மை, அதாவது அந்தக் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. 2024 அக்டோபரில் தொடங்கிய காவேரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் பெங்களூரோடு சேர்ந்த, இந்தப் பக்கம் போன்ற புறநகர் 110 கிராமங்களுக்காகத்தான். குழாய் தெருவரை வந்துவிட்டது, இணைப்புக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதில் சங்கம் நிற்கிறது. அந்தக் கூட்டத்துக்கும் போய் உட்கார்ந்தேன், பார்க்கிங் சண்டையிலேயே முடிந்தது. உப்பு மூட்டை மட்டும் மறுவாரம் வந்தது.

இன்றைக்கு நாலாம் வாரம். எண்ணெய் சுரப்பது நிற்கவில்லை, அது என் தோல். அரிப்பும் செதிலும் போய்விட்டன, நாலு மணிக்கு வந்த பிசுக்கு இப்போது மறுநாள் காலையில்தான் எட்டிப் பார்க்கிறது. போன சனிக்கிழமை அம்மா காய்ச்சிய நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். டாக்டர் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்றேன். ஒன்றும் பேசாமல் கீழே உட்கார்ந்து என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உள்ளங்காலுக்குமா வேண்டாம்னாங்க?"