டிஜிட்டல் ட்ரெமொலோ பெடல் விற்பனைக்கு: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கிற்றாருக்குப் பாவிக்கும் என் டிஜிட்டல் ட்ரெமொலோ, பானிங் பெடலை, அதாவது காலால் இயக்கி ஒலியை மாற்றும் சின்னப் பெட்டியை விற்கிறேன். அதிகம் அடிபடாத சாமான். விலையை மட்டும் பார்த்து ஒருவர் எடுத்துக்கொண்டு போய் ஏமாறக்கூடாது என்பதால், பாவித்ததில் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ட்ரெமொலோ ஒலியின் அளவைச் சீரான வேகத்தில் கூட்டிக் குறைக்கும், சுருதி அசையாது. வேகத்துக்கு ஒரு குமிழ், எவ்வளவு ஆழமாக இறங்கவேண்டும் என்பதற்கு ஒன்று, அலை வடிவத்துக்கு ஒன்று. சைன் அலை வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும், ஸ்குவெயர் வெட்டி வெட்டி விழும். பாஸ் (Boss) கம்பனியின் டிஆர்-2 ட்ரெமொலோ பெடல் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது டாப் டெம்போ, அதாவது காலால் தட்டியே வேகத்தை வைப்பது. தேவாலயத்தில் மெதுவாகப் போகும் 6/8 பாட்டு, நிமிடத்துக்கு 60 அடி என்று வையுங்கள். காலால் அந்த அடியைத் தட்டி, மூன்றாகப் பிரிக்கும் நிலையில் விட்டால் 333 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை ஒலி எழும்பும். ஒரு கோர்டைப் பிடித்துவிட்டுச் சும்மா நின்றாலே பாட்டு நடக்கும். அவ்வளவு வடிவு! ஆனால் டிரம்ஸ் வாசிப்பவர் வேகத்தைக் கூட்டினால் நீங்களும் திரும்பத் தட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று: ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பெடல் இருந்தால், இதை அதற்குப் பிறகு மாட்டுங்கள். முன்னால் மாட்டினால் டிஸ்டோர்ஷன் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமமாக்கிவிடும்.

இனி பானிங், அதாவது ஒலியை இடதுக்கும் வலதுக்கும் மாற்றி மாற்றி அனுப்புவது. நான் விற்பதே இதனால்தான். பெடலில் இரண்டு வெளியீடு இருக்கிறது. இடது கூடும்போது வலது குறையும், பிறகு மாறும். வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் ஒலி தலைக்குள் குறுக்கே நடந்து போவது தெரியும். அதைக் கேட்டுத்தான் நான் இதில் மயங்கினேன், இன்றைக்கும் மயக்கம் தீரவில்லை. ஆனால் நான் வாசிப்பது கோயில் திருவிழா மேடைகளிலும் கலியாண மண்டபங்களிலும். அங்கே கிற்றாருக்குச் சவுண்ட்ஸ்காரரின் மிக்ஸரில் கிடைப்பது ஒரே ஒரு லைன். இரண்டு வெளியீட்டையும் அந்த ஒன்றில் சேர்த்தால், ஒன்று குறைந்த அளவை மற்றது நிரப்பிவிடும். கூட்டுத்தொகை மாறாது. மிஞ்சினால் மெல்லிய ஒரு அசைவு கேட்கும், அவ்வளவுதான். சவுண்ட்ஸ்காரரை இதில் குறை சொல்ல ஏலாது. வீதியின் ஒரு கரையில் நிற்பவருக்கு மறுகரை ஸ்பீக்கர் பெட்டி சரியாகக் கேட்காது. இடது, வலது என்று பிரித்து ஸ்டீரியோவாக விட்டால் அவருக்குக் கிற்றார் வந்து வந்து மறையும். சனத்துக்குப் பாட்டு முழுதாகக் கேட்கவேண்டும், அதுதான் முதல். ஆகவே மேடையில் நான் ட்ரெமொலோவை மட்டும்தான் பாவிக்கிறேன். அதற்கு ஒரு வெளியீடு உள்ள பெடலே போதும்.

யாருக்கு இது பொருந்தும்? வீட்டில் பதிவு செய்பவருக்கு, இரண்டு அம்பிளிபயர் வைத்திருப்பவருக்கு. கீபோட் வாசிப்பவருக்கு இன்னும் நல்லது. 1970களின் ரோட்ஸ் சூட்கேஸ் எலக்ட்ரிக் பியானோவில் ஒலி இரு பக்கமும் ஆடும் அந்த அழகு, இதே பானிங்தான். கீபோட்டின் வொலியூமைக் குறைத்துக் கொடுங்கள், கூடினால் பெடல் கரகரக்கும்.

மின்சாரம் பற்றியும் சொல்லவேண்டும். 9 வோல்ட் பற்றரி போடலாம், ஆனால் டிஜிட்டல் சாமான் மின்சாரத்தைக் குடிக்கும், ஒரு ஒத்திகைக்கு மேல் நம்பமுடியாது. 2022 மின்வெட்டுக் காலத்தில் பற்றரிக்கே எவ்வளவோ செலவழித்தேன். நடுமுனை நெகட்டிவ் உள்ள அடாப்டர்தான் இதற்குச் சரி. பல பெடலுக்கு ஒரே அடாப்டரில் இருந்து வயர் பிரித்துக் கொடுத்தால் ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம் வரும். தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை என்றால் வராது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து தரும் அடாப்டராக இருந்தால், அதில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கனடாவில் 120 வோல்ட், இங்கே இலங்கையில் 230. மாறிப் போட்டால் புகைதான்.

நிலை: மேலே சின்னக் கீறல் ஒன்று. குமிழ்கள் கரகரப்பதில்லை, சுவிட்ச் முதல் தட்டிலேயே பிடிக்கிறது. கடற்காற்று வயர் செருகும் ஜாக்கைத் தின்னும் என்பதால் கொண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தே வைத்திருக்கிறேன்.

புதிது இன்று விற்கும் விலையில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறேன். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போன பிறகு புதிது எடுப்பது எங்கள் பெடியளுக்குப் பெரிய பாரம். உண்மையாக வாசிக்கிற மாணவர் என்றால் இன்னும் குறைப்பேன். கிற்றாரையோ கீபோட்டையோ கொண்டு வாருங்கள், யாழ்ப்பாணத்திலேயே இரண்டு ஸ்பீக்கரில் வாசித்துப் பார்த்து எடுக்கலாம். அடாப்டரும் பெட்டியும் சேர்த்துத்தான் விலை. அடாப்டர் இல்லாமல் பெடலை மட்டும் தரமாட்டேன்.