வேலூர் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ்: நான்கு ராத்திரி தங்கியதில் பார்த்தது

இதை எழுதும்போது மணி இரவு ஒன்றே கால். காலை பத்து மணிக்கு ரிசல்ட் சொல்வார்கள். தூக்கம் வரவில்லை. தங்கியிருக்கிற இடத்தைப் பற்றி எழுதி வைத்தால் வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிற யாருக்காவது உதவும் என்று உட்கார்ந்தேன்.

லாட்ஜின் பெயரைப் போடவில்லை. ஓனர் பாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருப்பதே பதினோரு ரூம், போர்டும் கிடையாது. சி.எம்.சி.க்கு எதிர்ப்பக்கம் காந்தி ரோட்டுக்குப் பின்னால் போகிற சந்துகளில் ஒன்றில் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தே ஐந்து நிமிடம்.

ஒரு நாளைக்கு 450 ரூபாய். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மேஜை, ஒட்டினாற்போல் பாத்ரூம். கேஸ் அடுப்பும் நாலு பாத்திரமும் வேண்டுமென்றால் நாளுக்கு 60 ரூபாய் தனி. வெந்நீர் காலை ஐந்து மணியிலிருந்து ஏழு வரைக்கும். ரத்தம் கொடுக்க விடியற்காலையிலேயே வரிசைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. தண்ணீர் கொஞ்சம் உப்பு, குடிக்க கேன்தான் வாங்க வேண்டும். கொசு உண்டு.

பெட்ஷீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அது என் தொழில். நான் ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவன், வயது 29. முதல் ராத்திரி தூக்கம் வராமல் அந்தப் பெட்ஷீட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கிடந்தேன். பவர்லூம் சரக்கு. நீளவாக்கில் ஓடுகிற பாவு நன்றாக இருக்கிறது, குறுக்கே போகிற ஊடைதான் நெருக்கமாக இல்லை. கரை ஓரம் இரண்டு இடத்தில் இழை அறுந்து, யாரோ கையால் முடிச்சுப் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் சுத்தமாக வெளுத்து, வெயிலில் காய்ந்த வாசனையோடு இருந்தது. தினமும் மாற்றினார்கள், கேட்காமலேயே.

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக பஸ் ஏறினால் வேலூர் பக்கம்தானே, எதற்கு லாட்ஜ் என்று கேட்பீர்கள். வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறேன். அம்மாவிடம் காஞ்சிபுரத்தில் டிசைன் வேலை என்று சொன்னேன். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர்தான் கூட வந்திருக்கிறார். எதிர்க் கட்டிலில் தூங்குகிறார்.

குழித்தறியில் கால் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதிக்கிற வேலை. நாலு மாதத்துக்கு முன்னால் இடது பக்க விதை கனமாகத் தொங்குகிற மாதிரி இருந்தது. வலி இல்லை. குளிக்கும்போது பார்த்தேன். இழையில் முடிச்சு விழுந்தால் கட்டைவிரலுக்குத் தெரியுமே, அப்படித்தான் தட்டுப்பட்டது. ஒரு கொண்டைக்கடலை அளவு, கெட்டியாக.

தறிக்கூடத்தில் ஒரு பெரியவரிடம் மறைமுகமாகக் கேட்டேன். உடம்பு சூடு, ராத்திரி வெந்தயம் ஊற வைத்துக் குடி என்றார். குடித்தேன். இன்னொருவர் அது ஓதமாக இருக்கும், லங்கோடு கட்டு என்றார். கட்டினேன். பிறகு ஒரு கிளினிக்கில் தொட்டுக்கூடப் பார்க்காமல் இரண்டு வாரம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், முடிந்ததும் இன்னொரு இரண்டு வாரம். நாலு மாதம் இப்படிப் போயிற்று. வலி இருந்திருந்தால் முன்பே ஓடியிருப்பேன். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

மேலே எழுதிய ‘விதை’ என்ற சொல்லை நான் நாலு மாதமாக யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதலில் ரூம் கேட்டுப் போன இடத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, “என்ன வியாதி? எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டார். பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். இங்கே பாய் ஆதார் கார்டை வாங்கி நோட்டில் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தில் ‘வைத்தியம்’ என்று மட்டும் போட்டார். “சாவி இந்தாங்க தம்பி. சாப்பிட்டீங்களா?” அவ்வளவுதான். நான் இந்த லாட்ஜுக்கு மார்க் போடுவது முக்கியமாக இதற்காகத்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லா ரூமிலும் கதவுக்குப் பின்னால், கட்டிலில் படுத்தால் கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு ஆணி. ரிப்போர்ட் கவர் மாட்ட. “தலைமாட்டுல வெச்சா ராத்திரி பூரா பிரிச்சுப் பிரிச்சுப் பார்ப்பாங்க தம்பி, அதான்” என்றார் பாய்.

என் கவரில் இப்போது ஸ்கேன் தாள் மட்டும் இருக்கிறது. 2.1 சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறது. அது கட்டியாக இருக்கலாம், பழைய தொற்றின் தழும்பாகவும் இருக்கலாம், ரத்தமும் சி.டி.யும் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார் டாக்டர். இந்த மாதிரிப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய மூன்றைப் பார்க்கிறார்கள்: ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். அது நார்மலாக வந்தாலும் புற்றுநோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது, சில வகையில் ரத்தம் காட்டிக்கொடுக்காது என்று அவர் முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க மாட்டார்களா என்று மாமா கேட்டார். இந்த இடத்தில் அப்படிக் குத்தினால் பரவ வழி செய்வது போலாகும், அதனால் சந்தேகம் பலமாக இருந்தால் தொடை இடுக்கு மேலே கீறி அந்த விதையையே எடுத்துவிடுவார்கள், அப்புறம்தான் லேபில் வகை தெரியும் என்றார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதையும் அவராகவே எடுத்துச் சொன்னார். குழந்தை பெற ஒரு விதை நன்றாக இருந்தால் பெரும்பாலும் போதும், கீமோ தேவைப்பட்டால் அதற்கு முன்னால் விந்தை எடுத்துச் சேமித்து வைக்கலாம். நம் நாட்டில் விதைப் புற்றுநோய் அரிதான நோய்தான். வந்தால் பெரும்பாலும் 15லிருந்து 40 வயதுக்குள் இருக்கிற ஆண்களுக்கு. சின்ன வயதில் விதை கீழே இறங்காமல் இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பரவுவதற்குள் பிடித்துவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கைக் கேட்டு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த மீதி ஐந்து பேரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா கிரிக்கெட் பைத்தியம். யுவராஜ் சிங்குக்கு வந்ததும் செமினோமா, இதே குடும்பத்து நோய்தான், அவருக்கு நெஞ்சுக்குள் வந்தது என்று செல்லில் தேடிக் கண்டுபிடித்தார். “2012ல அமெரிக்கா போய் கீமோ எடுத்துக்கிட்டு அதே வருஷம் செப்டம்பர்ல சேப்பாக்கத்துல இறங்கினாரு மச்சான்” என்று மூன்று நாளில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருக்கிறது.

பகலில் டெஸ்ட் இல்லாத நேரத்தில் ரூமுக்குள்ளேயே கிடக்காதீர்கள். இங்கிருந்து கோட்டைக்கு நடக்கலாம். சாயங்காலம் அகழிக்கரை காற்று நன்றாக இருக்கும். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நேற்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பல காலம் மூலவர் இல்லாமல் வெறும் கட்டடமாக நின்று, 1981ல்தான் மறுபடி லிங்கத்தை உள்ளே வைத்தார்களாம். நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

சாப்பாடு: சந்தில் இரண்டு மெஸ் இருக்கிறது, இரண்டிலும் வங்காளத்துக்காரர்களுக்காக மீனும் சோறும். பெயர்ப்பலகையே வங்காள எழுத்தில்தான். பக்கத்து ரூமில் மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், அப்பாவுக்கு இதயத்தில் ஏதோ கோளாறு. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. நேற்று இரவு நான் சாப்பிடாமல் வராந்தாவில் நின்றதைப் பார்த்துவிட்டு, கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் போட்டுக் கலந்த பொரியை ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து கையில் திணித்தார். முழுவதையும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கீழே இறங்கிப் போய் பாயிடம் சொன்னேன், எனக்கு என்ன, எந்த இடத்தில், எதற்காகக் காத்திருக்கிறேன் என்று. மாமாவையும் டாக்டரையும் தவிர நான் சொன்ன முதல் ஆள் அவர். அவர் முகம் மாறவில்லை. டீ வாங்கிவரச் சொன்னார். “இந்தப் படியில ஏறி இறங்கினவங்க பாதிப் பேரு நாளைக்கு ரிசல்ட்டுன்னு இருந்தவங்கதான் தம்பி. சாப்பிடாம மட்டும் படுக்காதீங்க” என்றார்.

குறை என்றால் படிக்கட்டு. லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களால் மாடி ஏற முடியாது. கீழே மூன்றே ரூம், எப்போதும் ஆள் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இதற்காக ஐந்தில் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

காலையில் ரூமைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்டேன். பை இருக்கட்டும், டாக்டரைப் பார்த்துவிட்டு நிதானமாக வாங்க, அதற்குக் காசு வேண்டாம் என்றார். திங்கட்கிழமை கீழே மூன்றாம் நம்பர் ரூம் காலியாகிறதாம். என் பெயரைப் பென்சிலில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.