வெள்ளி அடைப்பை மாற்றிப் பல் நிற அடைப்பு வைத்துக்கொண்ட அனுபவம்

கடைவாய்ப் பற்களில் உள்ள பழைய வெள்ளி அடைப்புகளை எடுத்துவிட்டுப் பல்லின் நிறத்திலேயே காம்போசிட் என்ற பிசின் அடைப்பை வைத்துக்கொள்ள விரும்புவோர், பல் மருத்துவர் எதை மாற்றச் சொல்கிறார் என்பதைப் போலவே எதை மாற்ற வேண்டாம் என்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். மயிலாப்பூரில் நான் சென்ற மருத்துவமனையில், எல்லாவற்றையும் மாற்றித் தருமாறு நான் கேட்டபோதிலும், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், ஓரம் விண்டு அடியில் மீண்டும் சொத்தை பரவியிருந்த இடப்பக்கப் பல்லுக்கு மட்டுமே சிகிச்சை தேவை என்றும், வலப்பக்கத்து அடைப்பு உறுதியாக இருப்பதால் அதைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். தமக்கு வரவேண்டிய கட்டணத்தைப் பொருட்படுத்தாத இந்த நேர்மைக்காகவே அம்மருத்துவரை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

வெள்ளி அடைப்பின் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றோடு இறுகியிருக்கும் அது, அடைப்பைக் குடைந்தெடுக்கும்போது கூடுதலாக ஆவியாகிறது; அத்துடன் நல்ல பல்லிலும் கொஞ்சம் போய்விடுகிறது. நல்ல நிலையிலுள்ள அடைப்புகளை மருத்துவக் காரணமின்றி அகற்ற வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் அறிவுறுத்தியதும் இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் வெள்ளி அடைப்புக்கு விதித்த தடையைக் காட்டி வாயிலுள்ள அனைத்தையும் பெயர்க்கச் சொல்வோரை நம்ப வேண்டாம். அந்தத் தடை புதிதாக வைப்பதற்கே உரியது.

சிகிச்சையில் அவர்கள் காட்டிய நிதானம் பாராட்டுக்குரியது. மரத்துப்போக ஊசி போட்டபின், பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் டேம் என்ற மெல்லிய விரிப்பைப் பொருத்தி, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டும் உறிஞ்சுகுழாயை அருகிலேயே வைத்துக்கொண்டும் அடைப்பைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். இந்த விரிப்பு, துகள்கள் தொண்டைக்குள் போகாமல் தடுப்பதோடு, எச்சில் படாமலும் பல்லைக் காக்கிறது. ஈரம் பட்டால் காம்போசிட் சரியாக ஒட்டாது. அமிலம் தடவிக் கழுவி, பசை பூசி, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்கினார்கள். மொத்தமாகத் திணித்து ஒரே தடவையில் ஒளி காட்டினால், சாதாரண காம்போசிட்டின் அடிப்பகுதி சரியாக இறுகாமல் போகலாம்.

குளிர்ந்த நீர் பட்டால் சில நாட்கள் கூச்சம் இருந்தது, பிறகு மறைந்தது. கடிக்கும்போது அடைப்பு சற்று உயரமாக உறுத்தியதையும் மறுமுறை சென்றபோது கட்டணமின்றித் தேய்த்துச் சரிசெய்தார்கள். நிறம் அருகிலுள்ள பற்களோடு ஒன்றிப்போயிருக்கிறது.

குறை ஒன்று உண்டு: பெரிய குழிகளில் காம்போசிட், வெள்ளி அடைப்பு அளவுக்கு நீடித்து உழைப்பதில்லை என்பதை நான் கேட்டபிறகே விளக்கினார்கள். நோயாளி ஒப்புதல் தருவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உள்ளவர்களும், பல்லின் பெரும்பகுதியை இழந்தவர்களும், காம்போசிட் போதுமா, கேப் போடுவது நல்லதா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.