தண்ணீர் ராக்கெட்டா, கணினி ராக்கெட்டா?

பாலக்கோடு பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ராக்கெட் சொல்லித்தர எதில் தொடங்கலாம்? என் ஓட்டு தண்ணீர் ராக்கெட்டுக்குத்தான். 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப். அடைத்த காற்று தண்ணீரைக் கீழே தள்ள, பாட்டில் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதி சட்டையை நனைத்துவிட்டுப் போகும். அட்டை இறக்கை ஒட்டாமல் விட்டால் நடுவானில் குட்டிக்கரணம் அடிக்கும். அப்போதுதான் "ஏன் சார்?" என்ற கேள்வி வரும்.

கணினி ராக்கெட்டுக்கு ஓப்பன்ராக்கெட் இருக்கிறது; ராக்கெட்டை வடிவமைத்துத் திரையிலேயே பறக்கவிட்டுப் பார்க்கும் இலவச மென்பொருள். இறக்கையைப் பெரிதாக்கினால் அழுத்த மையம் (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) ஈர்ப்பு மையத்துக்கு (எடை சமநிலையாகும் புள்ளி) பின்னால் நகர்வதைத் திரையிலேயே காட்டும். அப்படிப் பின்னால் இருந்தால்தான் ராக்கெட் குட்டிக்கரணம் அடிக்காமல் நேராகப் போகும். அந்த "ஏன் சார்?" கேள்விக்கு அதுதான் பதில். அதனால் முதலில் மைதானம், அப்புறம் திரை. ஏவும்போது 20 அடியாவது தள்ளி நில்லுங்கள். கீறல் விழுந்த பாட்டில் வேண்டவே வேண்டாம்.