இறுக்கமாக இருக்கிறது என்பதற்காக பேரல் சரியாகப் பொருந்திவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்

1911 வகை கைத்துப்பாக்கிக்குப் புது பேரல் (குண்டு பாய்ந்து வெளியேறும் குழல்) போடக் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். ஒரு நல்ல பேரலையும் கொடுத்த கூலியையும் இழந்துவிட்டு எழுதுகிறேன். கைக்கு ஒன்றும் ஆகாமல் தப்பித்தேன், அது மட்டும்தான் மிச்சம்.

நான் இலக்கு சுடுவதற்கு மட்டும் வைத்திருக்கும் .45 ஏசிபி துப்பாக்கி அது. பழைய பேரல் தேய்ந்து குண்டுகள் சிதற ஆரம்பித்ததால், ராவாமல் அப்படியே மாட்டிவிடும் ரகம் வேண்டாம், ஆள் வைத்து ராவிப் பொருத்தும் ரகமே வாங்கலாம் என்று முடிவு செய்தேன். இந்த ரக பேரலில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஹூட், அடியில் துருத்திக்கொண்டிருக்கும் லக் எல்லாமே வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக விட்டிருப்பார்கள், தோட்டா உட்காரும் சேம்பரையும் பெரும்பாலும் ஆழம் குறைவாகத்தான் வெட்டியிருப்பார்கள். துப்பாக்கிக்குத் துப்பாக்கி அளவு கொஞ்சம் மாறும் என்பதால் மிச்சத்தை அந்தந்தத் துப்பாக்கிக்கு ஏற்றபடி எடுக்க வேண்டும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதனால்தான் இந்த வேலைக்குப் பொறுமையான கை வேண்டும்.

நான் கொடுத்த ஆள் உரிமம் வைத்துத் தொழில் செய்கிறவர், பேச்சும் நன்றாக இருந்தது. இரண்டே நாளில் வேலை முடிந்தது என்று கூப்பிட்டார், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். போய் வாங்கி ஸ்லைடை (பேரலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) விட்டுப் பார்த்தால், முழுதாக மூடுவதற்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் தயங்கி நின்றது, கட்டைவிரலால் தள்ளினால்தான் உள்ளே போனது. கேட்டதற்கு, "புதுசு சார், அப்படித்தான் இறுக்கமா இருக்கும், ஐந்நூறு தோட்டா சுட்டா தானா இளகிடும்" என்றார். நானும் இறுக்கம் என்றால் துல்லியம் என்றுதானே படித்திருக்கிறோம் என்று நினைத்து, காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

முதல் நாளே குண்டுகள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் விழுந்தன. பக்கவாட்டில் சிதறல் இல்லை, உயரம்தான் மாறிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் அவ்வப்போது ஒரு தோட்டா வெடிக்காமல் நின்றது, எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கும் பிரைமரில் லேசான குழி மட்டும் இருந்தது. தோட்டாதான் மட்டம் என்று நினைத்து வேறு பெட்டி மாற்றினேன், அப்போதும் அதே கதை. நானூறு தோட்டா தாண்டியபோது ஒரு நாள் ஸ்லைடு பாதியில் சிக்கி நின்றுவிட்டது. தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால், பேரலையும் ஃப்ரேமையும் (பிடி உள்ள கீழ்பாகம்) இணைக்கும் லிங்க் உடைந்து இரண்டு துண்டாகக் கிடந்தது.

அப்புறம் வேறொருவரிடம் கொண்டுபோனேன். அவர் பேசவே இல்லை, அளக்க ஆரம்பித்துவிட்டார். முன்னவர் அடி லக்கை ராவி, அது ஃப்ரேமின் குறுக்கே போகும் ஸ்லைடு ஸ்டாப் பின் மேல் சரியாக உட்காரும்படி செய்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல், நீளமான லிங்க் ஒன்றை மாட்டி பேரலை மேலே தூக்கி நிறுத்திவிட்டிருக்கிறார். லிங்கின் வேலை பேரலைக் கீழே இழுப்பது மட்டும்தான், பேரலைத் தாங்கி நிற்பது இல்லை. லிங்க் நீளமாக இருந்ததால் பேரல் போதுமான அளவு கீழே இறங்கவில்லை. அதனால் ஸ்லைடு பின்னால் போகும்போதெல்லாம் ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளும் மேல் லக்குகளின் முனை ஸ்லைடின் பள்ளத்தில் உரசி மழுங்கியிருந்தது. ஸ்லைடுக்குள்ளேயும் தேய்மானம், அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

இன்னொன்று அதைவிட மோசம். இந்தத் தோட்டாவுக்கு ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா உறையின் (கேஸ்) வாய் முட்டும் சேம்பர் விளிம்பிலிருந்து மூடிய ஸ்லைடின் முகம் வரை உள்ள தூரம், 0.898 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 0.920-ஐத் தாண்டவும் கூடாது. மில்லிமீட்டரில் சொன்னால் 22.81 முதல் 23.37 வரை. அதிகபட்ச அளவைப் பார்க்கும், மூடவே கூடாத நோ-கோ கேஜை (அளவுகட்டை) உள்ளே வைத்தபோது ஸ்லைடு சாதாரணமாக மூடிக்கொண்டது. சேம்பரை அளக்காமலேயே ஆழமாக வெட்டியிருக்கிறார். அப்படியும் இத்தனை தோட்டா எப்படி வெடித்தது என்று கேட்டேன். சுட்ட உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி கேஸின் விளிம்பைப் பிடித்து நிறுத்துவதால் பெரும்பாலும் வெடித்துவிடும், பிடி நழுவும்போது ஊசியின் அடி பலமாக விழாது என்றார். இத்தனை நாள் நான் தோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கொடுக்கும்போது கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள், வாங்கும்போது உங்கள் கண்முன்னே வைத்துக் காட்டச் சொல்லுங்கள், குறைந்தபட்ச அளவைப் பார்க்கும் கோ கேஜில் மூட வேண்டும், நோ-கோவில் மூடக் கூடாது. அடி லக் எங்கே பட்டிருக்கிறது என்பதை மார்க்கிங் மை தடவிக் காட்டச் சொன்னால், ஒழுங்காக வேலை செய்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்லைடை மூடி, ஹூட்டை விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங் மாதிரி இறங்கி ஏறினால் கையெழுத்துப் போடாதீர்கள். லிங்க்கை மாற்றினாரா, ஏன் மாற்றினார் என்பதையும் கேளுங்கள். "சுட்டா இளகிடும்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம். புதிதில் லேசான இறுக்கம் இருப்பது வேறு, விரலால் தள்ளி மூட வேண்டியிருப்பது வேறு.

முன்னவரிடம் போய் இரண்டாமவர் எழுதிக் கொடுத்த அளவுகளைக் காட்டினேன். நான்தான் அதிக அழுத்தமுள்ள தோட்டா போட்டுக் கெடுத்துவிட்டேன் என்றார். கூலி திரும்பவில்லை. கழற்றிய என் பழைய பேரலையாவது கொடுங்கள் என்று இரண்டு முறை கேட்டாயிற்று, தேடிப் பார்க்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.