டி டிரைவைத் தூக்கிவிட்டு சி டிரைவைப் பெரிதாக்க: எந்தக் கருவி தேவலை?

அக்கா மகனின் லேப்டாப்பில் சி டிரைவ் நிரம்பிச் சிவந்துபோய் நின்றது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் கணக்கில் 465 ஜிபி. வாங்கிய கடையில் சி டிரைவுக்கு 100 ஜிபி மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை டி டிரைவாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். டி டிரைவில் நாலைந்து சினிமாவையும் ஒரு கல்யாண ஆல்பத்தையும் தவிர ஒன்றும் இல்லை. "மாமா, டி டிரைவைத் தூக்கிட்டு அந்த இடத்தை சி டிரைவோட சேர்த்துடலாமா?" என்று கேட்டான்.

சேர்க்கலாம். அழித்தால் உள்ளே இருப்பதும் போய்விடும் என்பதால் ஆல்பத்தை முதலில் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்தோம். அப்புறம் எந்தக் கருவி என்ற கேள்வி.

விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்தான் எல்லோரும் முதலில் தொடுவது. டி டிரைவை ரைட் கிளிக் செய்து 'டெலீட் வால்யூம்' கொடுத்தால் அந்த இடம் கறுப்புப் பட்டையாகிவிடும். அதுவரை சுலபம். சி டிரைவில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' தேடினால் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது! காலி இடம் சி டிரைவுக்கு வலப்பக்கம், ஒட்டினாற்போல் இருந்தால் மட்டுமே இது சேர்க்கும். எங்களுக்கோ நடுவில் ஒரு சின்ன ரிகவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் கெட்டுப்போனால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் தனிப் பகுதி) உட்கார்ந்திருந்தது. விண்டோஸ் பெரிய அப்டேட் வரும்போது சில நேரம் சி டிரைவின் வாலைக் கொஞ்சம் வெட்டி இதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ரைட் கிளிக் செய்தால் 'ஹெல்ப்' மட்டும்தான் வருகிறது.

பழைய எம்பிஆர் முறையில் (MBR) பார்ட்டிஷன் பிரித்த டிஸ்க்காக இருந்தால் இன்னொரு குழப்பம். டி டிரைவை அழித்ததும் கறுப்புக்குப் பதில் பச்சையாகக் காட்டும். அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள், அதாவது பல டிரைவுகளை அடக்கி வைக்கும் பெட்டி போன்ற பார்ட்டிஷனுக்குள், இருக்கும் காலி இடம். அதையும் ஒருமுறை அழித்தால்தான் கறுப்பாகும்.

இரண்டாவது, விண்டோஸிலேயே இருக்கும், கட்டளை அடித்து இயக்கும் டிஸ்க்பார்ட். இதற்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் டிஸ்க்கையும் பார்ட்டிஷனையும் தேர்ந்தெடுத்து 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு' (delete partition override) என்று அடித்தால், ரிகவரி பார்ட்டிஷனும் போய்விடும். நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காது. எண்ணை மாற்றி அடித்தால் தொலைந்தோம். 'கிளீன்' என்று அடித்துவிட்டால் அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் எல்லாமே காலி. எனக்கு இதில் பயம் உண்டு. ஒவ்வொரு முறையும் 'லிஸ்ட்' கொடுத்து நட்சத்திரக்குறி எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் எதையும் அழிப்பேன்.

ரிகவரி பார்ட்டிஷனை அப்படித் தூக்கி எறியலாமா? இடத்துக்காக என்றால் வேண்டாம். பெரும்பாலும் 1 ஜிபிகூடத் தேறாது. வழியை மறிக்கிறது என்றால் மட்டும், 'ரீஏஜென்ட்சி' (reagentc) கட்டளையால் ரிகவரியை முதலில் டிசேபிள் செய்துவிட்டு அழிக்கலாம். பிறகு எனேபிள் செய்தால் அது சி டிரைவிலிருந்தே இயங்கும். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், இந்தப் பார்ட்டிஷனில் போதிய இடம் இல்லாமல் பலருக்கு ஏறவே இல்லை. கூடுதலாக 250 எம்பி ஒதுக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட்டே வழிமுறை தந்தது. விண்டோஸ் இதை அவ்வப்போது தேடி வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது ஜிபார்ட்டெட் (GParted) என்ற இலவச மென்பொருள். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்ப வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு: மற்ற இரண்டும் செய்யாத ஒன்றை, பார்ட்டிஷனை அப்படியே நகர்த்துவதை, இது செய்யும். நடுவில் இருந்ததை வலக்கோடிக்குத் தள்ளிவிட்டு சி டிரைவை இழுத்து நீட்டினால் முடிந்தது. 'அப்ளை' அழுத்தும்வரை டிஸ்க்கில் எதுவும் நடக்காது, மனசு மாறினால் திரும்பிவிடலாம். எனக்குப் பிடித்ததே இதுதான்.

ஆனால் விண்டோஸை ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் கிளம்புவதற்காக விண்டோஸ் முழுதாக அணையாமல் இருக்கும் வசதி) காரணமாக சி டிரைவ் பாதித் தூக்கத்தில் இருக்கும், ஜிபார்ட்டெட் கை வைக்க மறுக்கும். பிட்லாக்கர் (டிரைவில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட டிரைவ் என்றால் முதலில் அதை முழுதாக நீக்கியாக வேண்டும். காலி இடம் சி டிரைவுக்கு இடப்பக்கம் இருந்தால் சி டிரைவையே நகர்த்த வேண்டியிருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் கதை கந்தல்.

இலவசம் என்று சொல்லும் மற்ற மென்பொருள்களும் நிறைய உண்டு. சிலவற்றில் எல்லாம் தேர்ந்தெடுத்து 'அப்ளை' கொடுக்கும்போதுதான் பணம் கேட்பார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நடுவில் தடை இல்லாவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டே போதும். டிஸ்க்பார்ட் கை நடுங்காதவர்களுக்கு. எங்கள் லேப்டாப்புக்கு ஜிபார்ட்டெட்தான். நகர்த்த வேண்டியது சில நூறு எம்பி மட்டுமே என்பதால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பையன் உடனே ஒரு கேமை இறக்க ஆரம்பித்துவிட்டான், 90 ஜிபியாம்.